வரியைக் குறைத்தும் பணம் திரும்பவில்லையே!

வரி கழுத்தை நெரிப்பதால்தான் பணக்காரர்கள் வெளிநாட்டு வங்கிகளை நாடுகிறார்கள், குறைத்தால் பணம் திரும்பும் என்கிறார்கள். குறைத்துப் பார்த்தாகிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் 97 சதவீதத்தைத் தாண்டியிருந்த உச்ச வருமான வரி, 1997இல் 30 சதவீதமானது. அதே ஆண்டு மன்னிப்புத் திட்டமும் வந்தது. பிறகும் 2009இல் லீக்டன்ஸ்டைன் வங்கிப் பட்டியல் ஜெர்மனி வழியாக வந்தது. 2016இல் பனாமா ஆவணங்கள் கசிந்தன. இரண்டிலும் இந்தியர்கள் இருந்தார்கள்.

வரிக்குத் தப்ப வழியே இல்லாதவர்களைப் பழவேற்காட்டில் பாருங்கள். ஏரியில் யார், எந்த நாளில், எங்கே இறால் வலை கட்டலாம் என்பதைப் ‘பாடு’ முறையில் ஊரே முடிவுசெய்கிறது. கரையில் ஏலம், கூடையில் என்ன இருந்தது, என்ன விலைக்குப் போனது, எல்லாமே ஊரறிந்தது. அந்தக் காசில் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்தால் 18 சதவீத ஜிஎஸ்டி அப்போதே போய்விடும். வலை வெறுமையாக வந்த மாதத்திலும் அதே விகிதம்தான். இதே மக்கள்தான் மணல் மூடிய முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லி ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அந்த வேலைக்குத் தேவை பொதுப்பணம்; பதுக்கியவர்கள் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

2015 கருப்புப்பணச் சட்டத்தில் 30 சதவீத வரி, அதற்கு மூன்று மடங்கு அபராதம், பத்தாண்டு வரை சிறை எல்லாம் இருக்கின்றன. இன்னொரு சலுகை கேட்காதீர்கள். வழக்குகளை விரைந்து நடத்தச் சொல்லிக் கேளுங்கள்.