மூக்கைச் சுளித்த கதை

ஊர் சுற்றப் புறப்படுகிறவனுக்கு இரண்டு பரீட்சைகள் உண்டு. முதலாவது கண்ணுக்கு. அதில் தேறாதவர்கள் கிடையாது. எந்த ஊர்க் கோபுரத்தையும் அண்ணாந்து பார்த்து, "ஆஹா!" என்று சொல்ல யாருக்குத்தான் தெரியாது? இரண்டாவது பரீட்சை நாக்குக்கு. அதில் நான் தோற்ற கதையைத்தான் இந்த வாரம் நேயர்களிடம் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

சீன தேசத்தின் தென்கிழக்குக் கரையில் சுவான்சௌ என்று ஒரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. எழுநூறு வருஷங்களுக்கு முன் அந்நிய வர்த்தகர்கள் அதைச் சைட்டூன் என்று அழைத்தார்கள். மார்க்கோ போலோ கண்டு வியந்த துறைமுகம் அதுதான். அந்தப் பெயர் ஊரில் நிறைந்திருந்த 'சீதோங்' மரத்தால் வந்ததாம். அது என்ன மரம் தெரியுமோ? நம் வீட்டு வேலியில் நிற்கும் முள்முருங்கைதான்! இலையை அரைத்து அடை தட்டுகிறோமே, அதே மரம். நம் கொல்லைப்புறத்து மரத்தின் பெயரைச் சூட்டிக்கொண்ட ஊருக்குப் போகாமல் இருக்கலாமா?

துணைக்கு நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டேன். அவர் சுத்த சைவம். நானோ, நடப்பது, பறப்பது, நீந்துவது எதையும் விட்டுவைப்பதில்லை என்று பெருமை அடித்துக்கொள்கிறவன். "சீனாவில் நீர் பட்டினி கிடக்கப் போகிறீர், நான் விருந்து சாப்பிடப் போகிறேன்" என்று வழியெல்லாம் அவரைப் பரிகாசம் செய்துகொண்டே போனேன்.

காலையில் ஊருக்கு வெளியே லோயாங் பாலத்தைப் பார்த்தோம். 1053-இல் தொடங்கி 1059-இல் கட்டி முடித்த கற்பாலம். ஆறு கடலோடு கலக்கும் இடமாகையால் அஸ்திவாரக் கற்களை அலை புரட்டிவிடும் என்ற பயம் இருந்தது. அதற்கு அந்தக் காலத்துச் சீனர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். கற்களின் மேல் சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பிகள் பல்கிப் பெருகிக் கல்லோடு கல்லை ஒட்டிவிட்டன.

"ஓய்! கொத்தனாருக்குக் கூலியும் இல்லை, சுண்ணாம்புச் செலவும் இல்லை" என்று நண்பர் அதிசயித்தார்.

மத்தியானம் காய்யுவான் ஆலயத்துக்குப் போனோம். 686-இல் ஸ்தாபிக்கப்பட்ட புத்தர் கோயில் அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுப்பிய இரண்டு கல் கோபுரங்கள் இரு பக்கமும் நிற்கின்றன. ஆனால், என்னை அசையாமல் நிறுத்தியவை அவை அல்ல. பெரிய மண்டபத்தின் பின்புறத் தாழ்வாரத்தில் இரண்டு கல் தூண்கள் இருக்கின்றன. அருகில் சென்று பார்த்தேன். ஹிரண்யனை மடியில் கிடத்தியிருக்கிறார் நரசிம்மமூர்த்தி! உரலை இழுத்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே தவழ்கிறான் கண்ணன்!

இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் தமிழ் வணிகர்கள் அந்தத் துறைமுகத்தில் குடியிருந்தார்கள். சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவபெருமானை எழுந்தருளச் செய்ததை 1281-ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. குப்ளாய் கான் ஆண்ட காலம் அது. பிற்பாடு கோயில் அழிந்துபோயிற்று. மிஞ்சிய கற்களில் சிலவற்றைச் சீனர்கள் தங்கள் புத்தரின் மண்டபத்திலேயே தூணாக நிறுத்திக்கொண்டார்கள்.

எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்துவிட்டது. அரை மணி நேரம் தமிழர் பெருமையைப் பற்றி நண்பருக்குப் பிரசங்கம் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பசி வந்த பிறகுதான் பிரசங்கம் நின்றது.

கோயிலை ஒட்டியே மேற்குத் தெரு என்னும் கடைத்தெரு இருக்கிறது. சாயங்காலம் அங்கே நடப்பதற்கு வழி கிடையாது. ஒரு பக்கம் சிப்பியையும் சர்க்கரைவள்ளி மாவையும் கலந்து தோசைக் கல்லில் பொரிக்கிறார்கள். இன்னொரு பக்கம் நூல் போன்ற சேமியா கரைந்து கஞ்சியாய்க் கொதிக்கிறது. அதில் குடலும் ஈரலும் மிதக்கின்றன. நான் சிப்பி அடையை ஒரு கை பார்த்தேன். கஞ்சியையும் ஒரு கிண்ணம் குடித்தேன். 'இவ்வளவுதானா சீனா?' என்று மீசையை முறுக்கினேன்.

அப்போதுதான் அந்தப் பாட்டியின் தள்ளுவண்டி எதிர்ப்பட்டது. அந்த ஊருக்கு அருகே ஷுன்பூ என்று ஒரு மீனவர் குப்பம். அங்குள்ள பெண்கள் கொண்டையைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூச்சூடுகிறவர்கள். பாட்டியும் அப்படியே சூடியிருந்தாள். சிறு கிண்ணம் போன்ற அச்சில் உறைந்த, கண்ணாடி போன்ற ஏதோ ஒரு பண்டத்தை எடுத்து நீட்டினாள். உள்ளே சாம்பல் நிறத்தில் விரல் நீளத்துக்கு ஏதோ சுருண்டிருந்தது. 'மண் மூங்கில் குருத்து' என்று அதற்குப் பெயராம். குருத்தாவது, மூங்கிலாவது! கடலோரச் சேற்றில் வாழும் புழு அது. கழுவி வேகவைத்து ஆறவிட்டால், அதன் சாறே பாகாக உறைந்துவிடுகிறது.

"சீ!" என்றேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினேன்.

பாட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 'சீ' என்பதற்கு எந்தப் பாஷையில்தான் மொழிபெயர்ப்பு வேண்டும்? நீட்டிய கை மெள்ளத் தாழ்ந்தது. முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். சிறு வயதில் பட்டணத்திலிருந்து உறவினர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா பழைய சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். வீட்டில் இருந்தது அதுதான். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதை மனுஷன் தின்பானா?" என்று எழுந்துவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவள் சாப்பிடவும் இல்லை.

நான் சிலையாய் நிற்கையில் நண்பர் முன்னே வந்தார். பாட்டிக்குக் கை கூப்பினார். தம் வயிற்றைத் தொட்டு, வேண்டாம் என்பதுபோல் தலையசைத்துப் புன்னகை செய்தார். வண்டியில் தேன் ஊற்றிய கடற்பாசி உறையலும் இருந்தது. அதைச் சுட்டிக் காட்டி வாங்கிக்கொண்டு, பாட்டியின் முக்காலியிலேயே உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டார். பாட்டியின் முகம் மலர்ந்தது.

"வேண்டாம் என்பது வேறு, ஐயா, சீ என்பது வேறு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

புழுவைத் தொடாத சைவர் அந்தப் பாட்டிக்கு விருந்தாளி ஆகிவிட்டார். எதையும் தின்பேன் என்று மார் தட்டிய நான் தெருவில் நின்றேன். நம் சாமியைத் தங்கள் கோயிலில் நிற்க வைத்த ஊரில் ஒரு கிண்ணத்தைக் கையில் வாங்க எனக்கு மனம் வரவில்லையே! காலையிலிருந்து பேசிய பெருமையெல்லாம் எங்கே போயிற்று?

கிட்டே போய் இரண்டு கைகளாலும் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். பாட்டி காடியும் பூண்டும் கடுகு விழுதும் தாராளமாக ஊற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டேன். ஜில்லென்று இருந்தது, உள்ளே மொறுமொறுவென்று இருந்தது. கடுகு உச்சந்தலைக்கு ஏறிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாட்டி கை கொட்டிச் சிரித்தாள்.

ருசி எப்படி என்று நேயர்கள் கேட்பார்கள். உண்மையைச் சொல்வதானால், மோசமில்லை, அவ்வளவுதான். ஆனாலும் இன்னொரு கிண்ணம் வேண்டும் என்று விரலைக் காட்டினேன். அம்மா இன்று உயிரோடு இல்லை. அன்று அவள் தட்டில் மிஞ்சிப்போன சோற்றுக்கு, எங்கேயாவது யாராவது ஈடு செய்ய வேண்டாமா?