நடுப்பகலில் தெரியாத சிவப்பு

ஞாயிறு காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மாரிஸ் மைனர் போய்க்கொண்டிருந்தால், பின்னால் வருகிற பைக்காரர் என்ன செய்வார் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கையில் கைபேசியை எடுத்துக்கொண்டு, படம் நன்றாக விழ வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் நெருங்குவார். அந்த நேரம் பார்த்து முன்னால் ஒரு மாடு குறுக்கே வரும். மைனர்காரர் பிரேக்கை மிதிப்பார். வண்டியின் பின்னால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இரண்டு விளக்குகள் எரிந்தனவா இல்லையா என்று பைக்காரர் யோசித்து முடிப்பதற்குள் பம்பர் வந்துவிடும்.

அந்தக் காரைக் குறை சொல்லிப் பயனில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் அடிசன் நிறுவனம் மாரிஸ் மைனரைப் பூட்டி விற்ற நாட்களிலும், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரான நாட்களிலும், ஓட்டுநரின் வலது கைதான் முதல் பிரேக் லைட். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி மேலும் கீழுமாக அசைத்தால் வேகம் குறைகிறது என்று பொருள். உரிமம் வாங்கப் போனவர்கள் அந்தச் சைகைகளை மனப்பாடம் செய்து போனார்கள். இன்று அதே கையை வெளியே நீட்டினால், பின்னால் வருகிறவர் யாரையோ கூப்பிடுகிறார் என்றுதான் நினைப்பார். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்கள் பலவற்றில் பின்னால் இருந்ததே ஒற்றை விளக்கு. டெயில் லைட்டும் அதுதான், பிரேக் லைட்டும் அதுதான்.

கை போய்விட்ட பிறகு விளக்கு மட்டுமே மிச்சம். அதையும் பிரகாசமாக்கக் கூடாது என்று சொல்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். பழைய கார் உலகில் ‘ஒரிஜினல்’ என்பது வேதவாக்கு. ஸ்க்ரூவின் தலை மாறினால்கூட முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களுடைய அக்கறையால்தான் இத்தனை வண்டிகள் காயலான் கடைக்குப் போகாமல் தப்பின என்பதும் உண்மை. ஆனால் இதே வண்டிகளில் அன்றைய டயரோ, அன்றைய பேட்டரியோ இன்று கிடையாது. அதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. பல்பு விஷயத்தில் மட்டும் ஏன் இந்தக் கறார்?

சட்டம் குறுக்கே நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை ‘விண்டேஜ்’ என்று பதியலாம். ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனி எண் வரிசை, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸியிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கண்ணாடிக்குள் ஒளிந்திருக்கும் பல்பு இந்தப் பட்டியலில் எங்கும் வரவில்லை.

இன்னொரு வேடிக்கை. பழைய காரின் பிரேக் லைட் மங்கலாக எரிவதே பல நேரங்களில் ‘ஒரிஜினல்’ கிடையாது. பிரேக் லைட் பல்பு என்பது பொதுவாக 21 வாட்; சரியான மின்சாரம் கிடைத்தால் சுமார் 450 லூமென் தருவது. அறுபது வயதுக் காரில் அந்த மின்சாரம் பல்பு வரை வந்து சேர்வதில்லை. பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டு பல்பு ஹோல்டரில் மீட்டரை வைத்தால் 10.5 காட்டும். இரண்டு வோல்ட்தானே என்று விட்டுவிடுகிறோம். ஃபிலமென்ட் பல்பின் கணக்கு அப்படி ஓடாது. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். 12.6, 10.5 ஆனால் போவது கிட்டத்தட்டப் பாதி வெளிச்சம்.

திருடன் எங்கே? பெரும்பாலும் எர்த்தில். பழைய கார்களில் மின்சாரம் ஒயர் வழியாகப் போய், வண்டியின் தகரம் வழியாகத் திரும்பி வரும். விளக்கு உட்காரும் இடத்தில் துரு ஏறியிருக்கும். அல்லது வண்டியை அழகாகப் புதுப்பித்தவர் அந்த இடத்திலும் மூன்று கோட் பெயின்ட் அடித்திருப்பார். பளபளவென்று வந்து நிற்கும் வண்டிகளில் விளக்கு மங்குவதற்கு இதுவே பெருங்காரணம். அடுத்தது ஹோல்டரின் பித்தளையில் படிந்த பச்சைக் களிம்பு. அதற்கடுத்தது பிரேக் சுவிட்ச். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் ஆயிலின் அழுத்தத்தால் வேலை செய்கிற அந்தச் சின்ன சுவிட்ச், இரண்டு பல்புகளின் மொத்தக் கரண்டையும் தன் தலையில் சுமக்கிறது. உள்ளே கரி பிடித்துத் தேய்கிறது. இங்கிலாந்துக் கார்களுக்கு மின்கருவி செய்து கொடுத்த லூகாஸ் நிறுவனத்துக்கு ‘இருளின் இளவரசன்’ என்று கார்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர் பிரசித்தம். ஆனால் பாதிப் பழி பராமரிக்காதவர்களைச் சேர வேண்டியது.

ஆக, பணம் செலவழிப்பதற்கு முன் உப்புத்தாளை எடுக்க வேண்டும். ஹோல்டரைத் தேய்த்து, ஒவ்வொரு விளக்கிலிருந்தும் சேஸிக்குத் தனி எர்த் ஒயர் இழுத்து, சுவிட்சின் சுமையைக் குறைக்க ஒரு ரிலே வைத்து, மங்கிய ரிஃப்ளெக்டருக்குப் பளிச்சென்று வெள்ளியோ வெள்ளையோ பூசி, சிவப்புக் கண்ணாடியின் உள்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். அரை நாள் வேலை. பல வண்டிகளுக்கு இதுவே வைத்தியம். வெளியிலிருந்து பார்க்கிற எந்த ரசிகரும் எதுவும் மாறியதாகச் சொல்ல மாட்டார்.

ஆறு வோல்ட் வண்டிகளின் பாடு இன்னும் மோசம். வில்லிஸ் ஜீப்பும், அறுபதுகளின் நடுப்பகுதி வரை வந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் அந்த ரகம். அதே 21 வாட்டுக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். களிம்பு விழுங்குகிற அரை வோல்ட், மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால்தான் எல்.ஈ.டி. அதில் வெளிச்சத்தைவிடப் பெரிய லாபம் நேரம். ஃபிலமென்ட் சூடேறி முழுதாக எரிய சுமார் 0.2 விநாடி பிடிக்கும், எல்.ஈ.டி. மிதித்த மாத்திரத்தில் எரியும். 70 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் அந்த 0.2 விநாடியில் கடக்கும் தூரம் 3.9 மீட்டர். மாரிஸ் மைனரின் மொத்த நீளமே 3.76 மீட்டர்தான்.

ஆனால் ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கைக்குக் கிடைத்த எல்.ஈ.டி.யை வாங்கி மாட்டுவது பழைய சிக்கலை விற்றுப் புதுச் சிக்கல் வாங்குவது. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.ஈ.டி. வைத்தால் அதன் நீலமும் பச்சையும் கண்ணாடியிலேயே நின்றுவிடும். வெளியே வருவது சோகையான, மங்கிய சிவப்பு. சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்.ஈ.டி.தான். நம்பர் பிளேட்டுக்கும் அதே விளக்கு வெளிச்சம் தருகிற வண்டியானால், பிளேட்டும் சிவந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மைனர் போன்ற கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். எர்த் மாறியிருப்பதால் சாதாரண எல்.ஈ.டி. அதில் எரியவே எரியாது. பிரேக் லைட்டே இண்டிகேட்டராகவும் மினுக்குகிற வண்டியில் பழைய ஃப்ளாஷர் குழம்பும். அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, டெயிலும் பிரேக்கும் ஒரே அளவில் எரிகிற மலிவுச் சரக்கு. ஃபிலமென்ட் பல்பில் டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 என்று கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருந்தது. இரண்டும் ஒன்றிவிட்டால் இரவில் பிரேக் பிடித்ததே தெரியாது. மங்கலான விளக்கைவிட இது ஆபத்து. அளவு மீறிய வெளிச்சமும் ஆகாது. அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் பிரேக் லைட்டுக்குக் குறைந்த அளவை மட்டுமல்ல, உச்ச அளவையும் நிர்ணயிக்கின்றன. வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு ஹாலஜன் மாட்டியவர்கள் பிளாஸ்டிக் கண்ணாடி உருகிய பிறகு அசல் கண்ணாடியைத் தேடிப் புதுப்பேட்டையில் அலைய வேண்டியதுதான்.

துளை போடாமல் செய்யக்கூடிய இன்னொன்று உண்டு. எழுபதுகளில் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோ டாக்சிகளின் பின்புறத்தில் நடுவே ஒரு மூன்றாவது விளக்கைப் பொருத்திப் பார்த்தார். பின்னாலிருந்து இடிபடுவது சுமார் 60 சதவீதம் குறைந்தது. 1986 மாடலிலிருந்து அமெரிக்கக் கார்களுக்கு அது கட்டாயமானது. எல்லா வண்டியிலும் வந்து கண்கள் பழகிய பிறகு பலன் 4.3 சதவீதமாகச் சுருங்கியதாக 1998இல் அந்நாட்டு அரசு ஆய்வு சொன்னது. சின்ன எண்தான், ஆனால் இந்தியச் சாலை விபத்துகளில் ஐந்தில் ஒன்று பின்னாலிருந்து இடிப்பது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பின் கண்ணாடியின் உள்பக்கம் ரப்பர் கப்பால் ஒட்டி வைக்கும் ஒரு சிவப்புப் பட்டை விளக்கு போதும். கண்காட்சி வாசலில் பிடுங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம்.

பேரணி நடத்துகிறவர்களும் கொஞ்சம் இறங்கி வரலாம். தோல் சீட்டின் தையலுக்கு மதிப்பெண் போடும் நடுவர்கள், வண்டியைக் கிளப்பச் சொல்லி, பிரேக்கை மிதிக்கச் சொல்லி, முப்பது அடி தள்ளி நின்று ஒரு முறை பார்க்கட்டும். ஷெட்டுக்குள் இருட்டில் எந்த விளக்கும் பிரகாசம்தான். சோதிக்க வேண்டியது மதியம் பன்னிரண்டு மணிக்கு, பின்விளக்கின் கண்ணாடியில் வெயில் விழும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தி.