வென்ட் பைப்பை யாரும் கேட்பதில்லை

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் காண்டென்சர் கணக்கு வந்தால் நமக்கெல்லாம் ஒரு நிம்மதி. ஆவி உள்ளே போகுது, திரவமா வெளியே வருது, பரப்பளவு எவ்வளவுன்னு கேட்பாங்க. கேள்வியிலேயே "ஆவி முழுவதும் திரவமாகிறது எனக் கொள்க" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் நம்மைக் கெடுக்கிறது என்பது என் கட்சி.

போன மே மாசம் இன்பிளான்ட் டிரெய்னிங்குக்கு ஒரு மருந்து மூலப்பொருள் யூனிட்டுக்குப் போயிருந்தேன். டைகுளோரோமீத்தேனை மீட்டெடுக்கிற பிரிவில் விட்டார்கள். அங்கே எல்லோருக்கும் அது 'எம்டிசி'. ரியாக்‌ஷன் முடிந்த அழுக்குக் கரைப்பானைச் சூடாக்கினால் எம்டிசி சுமார் 40 டிகிரியில் கொதித்து மேலே வரும், பிசினும் உப்பும் கீழேயே தங்கிவிடும். ஆவியைக் காண்டென்சரில் குளிர வைத்தால் ரிசீவரில் சுத்தமான திரவம். கூடவே கொஞ்சம் தண்ணீரும் வரும். எம்டிசி தண்ணீரைவிடக் கனம், அடியில் நிற்கும், பிரித்து எடுத்து அடுத்த பேட்சுக்கு அனுப்பிவிடலாம்.

"வெயில் காலத்துல ரெகவரி குறையும் தம்பி, அது அப்படித்தான்" என்றார் ஆபரேட்டர் அண்ணன். குறைந்ததை லாக் ஷீட்டில் 'ஹேண்ட்லிங் லாஸ்' என்று எழுதுகிறார்கள். ஆனால் ரிசீவர் பக்கம் போனாலே லேசான இனிப்பு நெடி. லாஸ் எங்கே போகுதுன்னு மூக்குக்குத் தெரியுது, ஷீட்டுக்குத்தான் தெரியலை.

ரூமுக்கு வந்து ஆன்ட்வான் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தேன். ரிசீவருக்குள் நைட்ரஜன் போய்க்கொண்டே இருக்கும். அது திரவமாகாது, வென்ட் வழியாக வெளியே போகும். போகும்போது சும்மா போகாது, அந்த வெப்பநிலையில் எவ்வளவு ஆவியைச் சுமக்க முடியுமோ அவ்வளவையும் தூக்கிக்கொண்டு போகும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் நைட்ரஜன் சுமார் 7 கிலோ எம்டிசியைக் கொண்டுபோகும். 35 டிகிரியில்? சுமார் 16 கிலோ. ஐந்து டிகிரிக்கு இரண்டு மடங்குக்கும் மேல்! நானும் தப்பா போட்டுட்டேன்னு நினைச்சு மூணு தடவை போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்க.

இப்போ சென்னை மாதிரி கடலோர ஊரை யோசியுங்கள். கூலிங் டவர் தண்ணீர் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே போகவே முடியாது. புழுக்கமான நாளில் டவரிலிருந்து 32 டிகிரியில் தண்ணீர் வந்தாலே பெரிய விஷயம். 40 டிகிரியில் கொதிக்கிற பொருளை அதை வைத்துப் பிடிக்கப் பார்க்கிறோம். பெரிய காண்டென்சர் போட்டாலும் இதில் பெரிசா மாற்றம் வராது, ஏன்னா பிரச்சினை பரப்பளவில் இல்லை, தண்ணீரின் வெப்பநிலையில் இருக்கிறது.

மெயின் காண்டென்சருக்குப் பிறகு, வென்ட்டில் மட்டும் மைனஸ் 10 டிகிரி பிரைனில் ஓடுகிற ஒரு சின்னக் காண்டென்சர் வைத்தால் அந்த 16 கிலோ அரை கிலோவுக்கும் கீழே வந்துவிடும். "சில்லருக்கு கரண்ட் பில் யார் கட்டுறது?" என்பார்கள். நியாயமான கேள்விதான், ஈரம் உறைந்து குழாய் அடைக்கிற தொல்லையும் உண்டு. சரி, சில்லர் வேண்டாம். நைட்ரஜன் வால்வைத் தேவைக்கு மட்டும் திறங்கள். அதற்குச் செலவே இல்லை. நான் பார்த்த இடத்தில் அது எப்போதும் பாதி திறந்தே கிடந்தது.

இது காசு விஷயம் மட்டும் என்றால் முதலாளி பாடு என்று விட்டிருப்பேன். எம்டிசி ஆவி காற்றைப்போல மூன்று மடங்கு கனம், தரையோரம்தான் தேங்கும். மூச்சில் போனால் உடம்பு அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. 2024இல் அமெரிக்கா இதன் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை போட்டது. இங்கே அந்த அண்ணன் ஒரு துணி மாஸ்க்கோடு எட்டு மணி நேரம் அதே ரிசீவர் பக்கத்தில் நிற்கிறார்.

எனவே நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு கோரிக்கை. இனி வரும் ஒவ்வொரு காண்டென்சர் கணக்கிலும் கடைசியா இரண்டு மார்க்குக்கு ஒரு கேள்வி சேருங்க: வென்ட்டில் மணிக்கு எத்தனை கிலோ போகிறது?

எங்க பேட்ச் டிசைன் புராஜெக்ட்டுக்கு எடுத்திருப்பது அந்த வென்ட் காண்டென்சரைத்தான். முதல் ரிவ்யூவில் வந்த முதல் கேள்வி: "மெயின் காண்டென்சர் எங்கப்பா?"