லண்டனில் தோசைக் கடை: ஈஸ்ட் ஹாமா, சோஹோவா? இடம் பிடிக்கும் முன் போட வேண்டிய கணக்கு என்ன?

2025 ஜூனில் வேட்டி கட்டி மேடையேறி அமெரிக்காவின் ஜேம்ஸ் பியர்ட் விருதை வாங்கிய சமையல் கலைஞர் விஜய் குமாரை நினைவிருக்கிறதா? நியூயார்க்கின் 'செம்ம' உணவகத்தில் நத்தை பிரட்டலை பரிமாறி அசத்தியவர். அதைப் பார்த்துவிட்டு, 'நாமளும் வெளிநாட்டில் ஒரு ஹோட்டல் போட்டால் என்ன?' என்று யோசித்தவர்கள் நிறைய பேர் இருப்பார்கள்.

ஆனால் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. இந்திய ஹோட்டல்கள் வரிசையாக இருக்கும் லெக்சிங்டன் அவென்யூவில் 'செம்ம' இல்லை. கிரீனிச் வில்லேஜில் இருக்கிறது. அதுவும் புதிதாகப் பிடித்த இடம் கிடையாது. அதே நிறுவனம் அங்கே நடத்தி வந்த 'ராஹி' உணவகத்தை மூடிவிட்டு, அதே இடத்தில் 2021இல் தொடங்கியது. அதாவது சமையலறை, புகைபோக்கி எல்லாம் ஏற்கெனவே ஹோட்டலுக்காக இருந்த இடம்.

சுவை கைகொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் இடம் தப்பானால் சுவையால் காப்பாற்ற முடியாது. நம்மவர்கள் அதிகம் குறிவைக்கும் லண்டனை வைத்து இதைப் பார்க்கலாம்.

நம்ம ஆட்கள் இருக்கும் ஏரியா நல்லதா?

இங்கிலாந்து, வேல்ஸில் தமிழை முதன்மை மொழியாகக் கொண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்கிறது 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க், தெற்கில் டூட்டிங், வடமேற்கில் வெம்ப்ளி, ஹாரோ ஆகியவை ஈழத்தமிழர்களும் தமிழ்நாட்டுக்காரர்களும் அதிகம் வாழும் பகுதிகள். மேனர் பார்க் முருகன் கோவிலுக்கோ ஈஸ்ட் ஹாம் மகாலட்சுமி கோவிலுக்கோ வருபவர்களுக்கு தோசை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

சிக்கலும் இங்கதான். பக்கத்துக் கடையிலும் அதே மசால் தோசை. 50 பென்ஸ் ஏற்றினால்கூட வாடிக்கையாளர் அடுத்த கதவைத் தட்டுவார். கூட்டம் பெரும்பாலும் மாலையிலும் சனி, ஞாயிறிலும்தான். வார நாள் மதியம் வேலைக்காக ஊரே வெளியே போயிருக்கும்.

நகர மையமான சோஹோவில் கதை வேறு. 2015இல் ஃபிரித் தெருவில் தொடங்கிய 'ஹாப்பர்ஸ்' உணவகம், ஆப்பத்தையும் கொத்து ரொட்டியையும் வாங்க வாசலில் வரிசை நிற்க வைத்தது. அங்கே விலையை நீங்கள் தீர்மானிக்கலாம். வாடகையை கட்டட உரிமையாளர் தீர்மானிப்பார்.

வாடகைக் கணக்கு எப்படிப் போடுவது?

வாடகை, மொத்த விற்பனையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஹோட்டல் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பிரிட்டனில் ஹோட்டல் சாப்பாட்டுக்கு வாட் வரி 20 சதவீதம். மெனுவில் 15 பவுண்ட் என்று போட்டால் உங்கள் கைக்கு வருவது 12.50 பவுண்ட்தான்.

ஒரு உதாரணத்துக்கு, 40 பேர் உட்காரும் கடை என்று வைத்துக்கொள்வோம்.

புறநகர்: ஆண்டு வாடகை 60,000 பவுண்ட் என்றால் வாட் போக 6 லட்சம் பவுண்ட் விற்பனை வேண்டும். ஒருவர் 15 பவுண்டுக்குச் சாப்பிட்டால், வாரத்தின் ஏழு நாளும் தினமும் சுமார் 132 பேர் வர வேண்டும்.

நகர மையம்: ஆண்டு வாடகை 1,50,000 பவுண்ட் என்றால் 15 லட்சம் பவுண்ட் விற்பனை வேண்டும். ஒருவர் 30 பவுண்டுக்குச் சாப்பிட்டாலும் தினமும் சுமார் 165 பேர் தேவை.

அதாவது விலையை இரண்டு மடங்காக்கிய பிறகும் அதிக ஆட்கள் வர வேண்டும். ஒவ்வொரு நாற்காலியும் தினமும் நான்கு முறை நிரம்ப வேண்டும். திங்கட்கிழமையும் மழை நாளும் இந்தக் கணக்கில் அடக்கம். இது போக, உள்ளாட்சிக்குக் கட்டும் வணிகச் சொத்து வரி தனி. அதற்கான சொத்து மதிப்பு 2026 ஏப்ரலில் மாற்றியமைக்கப்பட்டிருக்கிறது. பழைய ரசீதை நம்பி பட்ஜெட் போடக் கூடாது.

தோசை மாஸ்டர் எங்கிருந்து வருவார்?

இப்போது மிகப் பெரிய கேள்வி இதுதான். முன்பெல்லாம் ஊரிலிருந்து மாஸ்டரை விசாவில் அழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் கடை பிடித்தார்கள். திறன்மிகு பணியாளர் விசாவுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2024 ஏப்ரலில் 38,700 பவுண்டாகவும், 2025 ஜூலை 22 முதல் 41,700 பவுண்டாகவும் உயர்ந்தது. அதே நாளில் பட்டப்படிப்புக்கு இணையான வேலைகளுக்கு மட்டுமே இந்த விசா என்ற விதியும் வந்தது. அதனால் வெளிநாட்டிலிருந்து புதிதாக சமையல்காரரை இந்த விசாவில் அழைத்து வரும் கதவு மூடிவிட்டது.

ஆக, ஏற்கெனவே அங்கே வேலை செய்ய உரிமையுள்ளவர்களை வைத்துத்தான் கடை நடத்த வேண்டும். கல்லில் நின்று தோசை வார்க்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் எங்கே இருக்கிறார்கள்? ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் வெம்ப்ளியிலும்தான். மாணவர் விசாவில் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 21 வயதைத் தாண்டியவர்களுக்கு 2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்ட். ஒருவரின் ஆண்டுச் சம்பளத்தில் 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட தொகைக்கு முதலாளி 15 சதவீதம் தேசியக் காப்பீடு கட்ட வேண்டும்.

இரவு 11 மணிக்கு பாத்திரம் கழுவிவிட்டு ஒருவர் எப்படி வீட்டுக்குப் போவார் என்பதும் இடத்தேர்வில் ஒரு பகுதியாகிவிட்டது. வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்று மட்டும் பார்த்த காலம் போய், மாஸ்டர் வீடு எங்கே இருக்கிறது என்று பார்க்கும் காலம் வந்திருக்கிறது.

தாளிப்பு வாசனைக்கும் அனுமதி வேணுமா?

2020 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் கடை, அலுவலகம், ஹோட்டல் எல்லாம் 'ஈ' என்ற ஒரே பயன்பாட்டுப் பிரிவில் வருகின்றன. அதனால் துணிக்கடையை ஹோட்டலாக மாற்றுவது சுலபம் என்று புரோக்கர் சொல்வார். பாதி உண்மை. பார்சல் மட்டும் விற்கும் கடை இந்தப் பிரிவில் வராது. கட்டடத்துக்கு வெளியே பெரிய புகைபோக்கி பொருத்தவும் பொதுவாக திட்ட அனுமதி தேவை. மாடியில் வீடுகள் இருந்தால் கடுகு, மிளகாய் தாளிக்கும் வாசனைக்கும் மின்விசிறிச் சத்தத்துக்கும் எதிர்ப்பு வரலாம். அனுமதி கிடைக்காவிட்டால் கையில் கடை இருக்கும், அடுப்பு பற்ற வைக்க முடியாது. வாடகை மட்டும் ஓடும்.

100 ஆண்டு பழைய ஹோட்டலுக்கே இந்த நிலையா?

1926இல் லண்டன் ரீஜென்ட் தெருவில் தொடங்கிய 'வீராசாமி', பிரிட்டனில் இன்றும் இயங்கும் மிகப் பழைய இந்திய உணவகமாகக் கருதப்படுகிறது. கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லி, உரிமையாளரான கிரௌன் எஸ்டேட் குத்தகையை நீட்டிக்க மறுத்தது 2025இல் செய்தியானது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

1954ஆம் ஆண்டுச் சட்டம் வணிகக் குத்தகையைப் புதுப்பிக்கக் கேட்கும் உரிமையை வாடகைதாரருக்குத் தருகிறது. ஆனால் கட்டடத்தை மறுசீரமைக்கப் போகிறேன் என்று உரிமையாளர் மறுக்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது. இந்தப் பாதுகாப்பே வேண்டாம் என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்கும் ஒப்பந்தங்களும் சகஜம். பெயர்ப்பலகைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அப்படி ஒரு கையெழுத்துக் கேட்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கையெழுத்துக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

* ஏற்கெனவே ஹோட்டல் நடந்த இடமா? முந்தைய கடை ஏன் மூடப்பட்டது?
* புகைபோக்கிக்கு எழுத்துபூர்வ அனுமதி இருக்கிறதா?
* மூன்றாம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ வெளியேற ஒப்பந்தத்தில் வழி உண்டா?
* வாடகைக்கு உங்கள் வீட்டையோ சொந்தப் பொறுப்பையோ ஈடாகக் கேட்கிறார்களா?
* செவ்வாய் மதியம், வெள்ளி இரவு, ஞாயிறு காலை: மூன்று நேரமும் வாசலில் நின்று தலைகளை எண்ணினீர்களா?
* கடை திறக்க 28 நாளுக்கு முன்பே உள்ளாட்சியில் உணவுத் தொழில் பதிவு செய்தாயிற்றா?

அப்போ எந்த இடம்தான் சரி?

பின்னால் முதலீட்டாளர்களும், ஓடிக்கொண்டிருக்கும் வேறு கடைகளும் இருந்தால் சோஹோவின் சூதாட்டத்தைத் தாங்கலாம். சொந்த சேமிப்பையும் ஊரில் விற்ற நிலத்தின் பணத்தையும் போடுபவருக்கு அது பொருந்தாது. அவருக்கு ஏற்றது, ஆட்கள் கிடைக்கும் ஏரியாவுக்குப் பக்கத்தில், ஏற்கெனவே ஹோட்டலாக இருந்த, வெளியேறும் வழியுள்ள சின்ன இடம். அங்கேயும் பக்கத்துக் கடையில் கிடைக்காத ஏதாவது ஒன்று உங்கள் மெனுவில் இருக்க வேண்டும்.

மாவு புளித்துப் போனால் மறுநாள் புதிதாக அரைத்துக்கொள்ளலாம். பத்து வருடக் குத்தகையை அப்படி மாற்ற முடியாது.