சுருட்டுக்குத் தண்ணி காட்டாதீங்க!

"ஹ்யூமிடார் பெட்டி வாங்கினதும் ஸ்பாஞ்சுல தண்ணி ஊத்து" என்று ஓதும் மகானுபாவர்களே, காளிகாட்டில் ஒரு ஆடி மாதம் இருந்து பார்த்ததுண்டா? அந்த விதி, ஹீட்டர் ஓடிக் காற்று வறண்டுபோகும் குளிர்தேசத்து வீட்டுக்கு. சுருட்டு கேட்பது 65-70 சதவீத ஈரப்பதம். இங்கே மழைக்காலக் காற்றிலேயே 80க்கு மேல்! மேற்கொண்டு தண்ணீர் ஊற்றினால் பூஞ்சைதான். 25 டிகிரியைத் தாண்டினால் புகையிலை வண்டு வேறு முட்டை பொரித்துக் கிளம்பும்.

அப்பா கொடுத்தனுப்பிய உறையூர்ச் சுருட்டு ஒரு கட்டு எனக்கு அப்படித்தான் போச்சு. இன்னொரு கட்டு கேட்க இன்று அவர் இல்லை.

மழைக்காலத்தில் தண்ணீரே வேண்டாம். ஈரத்தை உறிஞ்சவும் விடவும் தெரிந்த 65 சதவீதப் பாக்கெட்டைப் போட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் பெட்டியை வையுங்கள். டிசம்பரில் காற்று வறளும்போது பாக்கெட்டை மாற்றினால் போதும். புத்தக விதியை நம்பாதீங்க சாமி, பெட்டிக்குள் இருக்கும் ஈரமானியை நம்புங்க!