நிலக்கரிக்கு வரி, நெசவாளிக்குச் சுமை

காற்றைக் கெடுக்கிறவன் காசு கட்ட வேண்டும் என்கிறார்கள். இதற்குக் கார்பன் வரி என்று பெயர். கொள்கையளவில் நாம் இதை எதிர்க்கவில்லை. மழை பொய்த்தால் முதலில் பட்டினி கிடக்கிறவன் மானாவாரி விவசாயியே. ஆனால் கட்டுகிறவன் யார்? கட்டிய பணம் எங்கே போகிறது?

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. 2010ல் டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். அது 100, 200 என்று ஏறி, 2016ல் 400 ரூபாயில் வந்து நின்றது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முக்கால் கிலோ நிலக்கரி என்று கணக்கிட்டால், யூனிட்டுக்கு 30 பைசா. அற்பத் தொகைதானே என்பார்கள் டில்லி மந்திரிகள்! ராஜபாளையத்து நூற்பாலையில் ஒரு கிலோ நூலுக்கு நான்கு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 1 ரூபாய் 20 காசு. பெரிய ஆலை முதலாளி சொந்தக் காற்றாலை வைத்துத் தப்பித்துக்கொள்ள முடியும். சிறிய ஆலைக்கு அந்த வசதி ஏது?

மின் கட்டண உயர்வுக்கு இந்த வரி ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மின்சாரம் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால், நிலக்கரிக்குக் கட்டிய வரியை மின் நிலையம் கழித்துக்கொள்ள வழியில்லை. அது முழுதும் செலவில் சேருகிறது. நூலில் ஏறுகிறது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் கைத்தறிச் சேலைக்கும் அதே நூல்தான். நூல் விலை ஏறினால் வியாபாரி துணிக்குக் கூடுதல் விலை கொடுப்பதில்லை. கூலியில்தான் கை வைக்கிறான். விசைத்தறிக்கு இரு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம் என்று 2023ல் சலுகை கிடைத்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் நூல் விலையில் ஒளிந்து வரும் வரியை அது தடுக்காது.

வசூலான பணம் என்னவாயிற்று? 2010 முதல் 2017 வரை சுமார் 86,000 கோடி ரூபாய் வசூலித்தார்கள். தூய எரிசக்தி நிதிக்குப் போனது 30,000 கோடிக்கும் குறைவு. திட்டங்களுக்குக் கிடைத்தது சுமார் 16,000 கோடி. 2017க்குப் பின் ஜி.எஸ்.டி. இழப்பீட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். புகையின் பெயரால் வாங்கிய பணம் சர்க்காரின் பற்றாக்குறையை நிரப்பியது!

2025 செப்டம்பர் 22ல் அந்த 400 ரூபாயை எடுத்துவிட்டு, ஜி.எஸ்.டி.யை 5 சதவிகிதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். டன் 1500 ரூபாய்க் கரிக்கு முன்பு 475 ரூபாய் வரி, இப்போது 270. டன் 5000 ரூபாய்க் கரிக்கு முன்பு 650, இப்போது 900. ஆக, எவ்வளவு புகை என்பதற்கும் எவ்வளவு வரி என்பதற்கும் இருந்த சம்பந்தம் அறுந்தது. மலிவான கரிக்கு வரி குறைந்ததே, அதன் பலன் எந்த வீட்டு மின் பில்லில் தெரிந்தது?

வேறு வழி இல்லாமலில்லை. ஸ்விட்சர்லாந்தில் எரிபொருள் மீதான கார்பன் வரியில் மூன்றில் இரண்டு பங்கை மக்களுக்கும் தொழில்களுக்கும் திருப்பித் தருகிறார்கள். கனடாவும் 2019 முதல் குடும்பங்களுக்குத் திருப்பித் தந்தது. விலைவாசி எதிர்ப்புக்கு அஞ்சி 2025 ஏப்ரலில் அந்த வரியையே நிறுத்திவிட்டது. முதலாளித்துவ நாடுகளுக்கே தெரிந்த இந்தக் கணக்கு டில்லிக்குத் தெரியாதா?

ஐரோப்பா 2026 ஜனவரி முதல் இறக்குமதியாகும் சிமெண்டுக்கும் இரும்புக்கும் கார்பன் கட்டணம் விதித்திருக்கிறது. துணி இன்று அந்தப் பட்டியலில் இல்லை. நாளை சேர்க்கப்பட்டால் அதைச் சுமக்கப்போவது யார்? வரும் வரியில் கைத்தறி, விசைத்தறித் தொழிலாளர் குடும்பங்களுக்கு நேரடியாக ஒரு பங்கு, சிறு ஆலைகளுக்குச் சூரிய மின்சாரம் அமைக்கக் குறைந்த வட்டிக் கடன், 2010 முதல் வசூலித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பார்லிமெண்டில் வெள்ளை அறிக்கை - இவற்றை நாம் கோருகிறோம்.