சிற்றூர்க் கல்லூரிக்கு ஏன் இந்தப் படிப்பு?

"பன்னாட்டு அரசியலா? பாதுகாப்பு ஆராய்ச்சியா? அதுவும் ஒரு சின்னஞ்சிறு கல்லூரியிலா!" கேலி பேசுகின்றனர், எல்லாம் அறிந்தவர்கள். போரும் சமாதானமும் தலைநகரத்துச் சரக்காம். தூதர்க்கும் தளபதிக்குமே உரிய கலையாம்!

பட்டாளத்துக்கு ஆள் திரட்டும்போது மட்டும் சிற்றூர் நினைவுக்கு வருகிறதே, நண்பர்களே! அப்போது எழாத ஐயம், அதே சிற்றூரான் புத்தகத்தைத் தொட்டதும் எழுவானேன் என்று நாம் கேட்கிறோம்.

வேல்ஸ் நாட்டுக் கடலோரத்தில் அபெரிஸ்ட்வித் என்றோர் ஊர். இலண்டனல்ல, பாரிசுமல்ல, சிற்றூர்தான். அங்கிருந்த கல்லூரியின் மாணவர் பலரை முதல் உலகப் போர் விழுங்கிற்று. போர்முனையில் படைப்பிரிவொன்றை நடத்திய டேவிட் டேவிஸ், தம் தங்கையர் இருவருடன் கூடி 20,000 பவுன் தந்தார். நிலக்கரியிலே திரண்ட செல்வம் அது, மறைப்பானேன்? மாண்ட மாணவர் நினைவாக, 1919-இல் அங்கே பன்னாட்டு அரசியலுக்கென ஒரு பேராசிரியர் பதவி தோன்றிற்று. உலகிலேயே அதுதான் முதலாவது! ஆக்ஸ்போர்டு அதன் பின்னரே வந்தது.

பணம் தந்தவர் பாட்டுக்குத் தாளம் போட்டதா அந்தப் பதவி? இல்லை. டேவிஸ், சர்வதேச சங்கத்தை நம்பினார். 1936-இல் அப்பதவியேற்ற ஈ. எச். கார், அந்த நம்பிக்கையையே உரைகல்லில் தேய்த்தார். வல்லரசுகள் தம் நலனையே உலக நலன் என்று விலை கூறுகின்றன என்று 1939-இல் நூலெழுதினார். கொடையாளர் கொதித்தார், கார், 1947 வரை பதவியில் இருந்தார். அதே நூலில் மூனிக் உடன்பாட்டுக்குப் பரிந்து பேசி அவர் சறுக்கியதும் உண்மை. ஆராய்வோர் சறுக்கக்கூடும்; ஆனால் அன்று தலைநகரத்து அமைச்சர்கள் சறுக்கவில்லையா? உடன்பாட்டில் கையொப்பமிட்டவர்களே அவர்கள்தாமே!

பின்னர் அதே துறையிலிருந்து கென் பூத், 1991-இல் இன்னும் கூரான கேள்வியைத் தொடுத்தார். பாதுகாப்பு என்பது யாருக்கு? எல்லைக் கம்பிக்கா, எல்லைக்குள் வாழும் மனிதனுக்கா? போர், வறுமை, கல்வியின்மை, அரசியல் ஒடுக்குமுறை ஆகிய தளைகள் அறுபடுவதே பாதுகாப்பு. விடுதலையும் பாதுகாப்பும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்றார். பீரங்கிகளை எண்ணிப் பார்த்தே பழகிய பண்டிதர்கள் முகஞ்சுளித்தனர், சுளிக்கட்டும்! பட்டினி கிடப்பவனின் குடிசைக்கு எந்தப் பீரங்கி காவல்?

சிறு கல்லூரியில் நூல்கள் குறைவு, ஆசிரியர் குறைவு என்பர். ஒப்புக்கொள்கிறோம். குறைவென்றால் கூட்டித் தருக! படைச் செலவுக்கான வரியைச் சிற்றூரும் சேர்ந்துதானே கட்டுகிறது?